நீதி கேட்ட கண்ணகியின் ஊரிலிருந்து: வன்னியின் உளநலத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் உளநலச் சேவைகளைத் திட்டமிடும் வைத்திய அதிகாரிகளுக்கும், மாகாண, மாவட்ட நிர்வாகிகளுக்கும், உளசமூகப் பணிக்கு நிதி தரும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் இலங்கையின் வடக்கே, வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தில் பல வருடங்கள் உளசமூகக் களப்பணியாளராக வேலை செய்தவள். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், அவர்களோடு இருந்து கதை கேட்பதுதான் என் வேலை. திட்டம் முடிந்தபோது பதவியும் முடிந்தது. சனம் இன்னும் வந்து கதைக்கிறது. அவர்கள் சொன்னதையும் நான் கண்டதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

அறிக்கைகளிலும் கூட்டங்களிலும் எங்களைப் பற்றி ஒரு புகழ்ச்சி அடிக்கடி வருகிறது. வன்னிச் சனம் மனத்திடம் உள்ளது, எவ்வளவு அடிபட்டாலும் எழும்பிவிடும், கோவிலும் கும்பிடும் அவர்களைக் காப்பாற்றுகின்றன என்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோவில்கள் திறந்திருக்கின்றனவா, அந்தப் பொங்கலைப் பொங்க விடுகிறார்களா, அந்தக் கூட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அடுத்த கேள்வியாக எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சனம்தான் சமாளிக்கிறதே என்ற எண்ணம், வெற்றிடமாக இருக்கும் பதவியை நிரப்பாமல் விடுவதற்கும் கிளினிக்கை மாதத்துக்கு ஒன்றாகக் குறைப்பதற்கும் உதவிவிடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் சனத்தைத் தாங்கி நிற்கும் வழிபாட்டை உளநலச் சேவையின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். அப்படி எண்ணினால் அதைக் காப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். டொக்டரையும் குளிசையையும் குறைப்பதற்கு அதைச் சாட்டாகக் காட்டவும் முடியாமல் போகும்.

வழிபாடு என்றதும் கோபுரம் வைத்த பெரிய கோவில்களை மட்டும் நினைத்துவிடாதீர்கள். இங்கே குளக்கட்டில் ஒரு மரத்தடியில் ஐயனார் இருப்பார். வயற்கரையில் ஒரு சூலமே வைரவராக நிற்கும். மாடு வைத்திருக்கிறவர்களுக்கு வதனமார், பாம்புக்கு அஞ்சுகிறவர்களுக்குப் புளியம்பொக்கணையிலும் புதூரிலும் நாகதம்பிரான். தேன் எடுக்கக் காட்டுக்குள் இறங்குகிறவர் ஒரு குழையை முறித்து வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார். ஏ9 வீதியால் போகிற லொறியும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றுதான் போகும். இவற்றில் பலவற்றுக்கு ஆகமமும் இல்லை, ஐயரும் இல்லை. பரம்பரையாகப் பூசை செய்கிற பூசாரி, பொங்க ஒரு வளந்துப் பானை, மடைக்குப் பழமும் பாக்கும் வெற்றிலையும், பறை அடிக்க ஒருவர். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்துக்கள் இந்த நாட்டின் சனத்தொகையில் 12.6 வீதம். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரையின் கீழே வாழும் அந்தச் சிறுபான்மைக்குள்ளும், மரத்தடித் தெய்வத்தைக் கும்பிடும் இந்தச் சனம் இன்னும் சிறியது.

1958 இலும் 1977 இலும் இனக் கலவரங்களில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வந்து வன்னியின் காட்டோரங்களில் குடியேறியவர்களும் இதற்குள் அடக்கம். அவர்கள் கும்பிடும் மாடசாமியும் முனியாண்டியும் எங்கள் ஐயனாருக்கு அயலவர்கள் ஆகிவிட்டார்கள்.

வற்றாப்பளையைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். நந்திக்கடல் ஓரத்தில் இருக்கும் கண்ணகை அம்மனுக்கு வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை பொங்கல். பாக்குத் தெண்டல் என்ற தொடக்கச் சடங்கோடு அது தொடங்கும். பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். ஒரு கிழமை விளக்கு அங்கே எரியும். ஞாயிறு காட்டா விநாயகரில் பொங்கல், விடிந்தால் வற்றாப்பளை. பாற்செம்பு, காவடி, தூக்குக்காவடி என்று வன்னி முழுக்க அந்த ஒரு நாளில் அங்கே நிற்கும்.

ஒரு களப்பணியாளராக நான் அதில் பார்த்ததைச் சொல்கிறேன். மாசக்கணக்கில் படலை தாண்டாத ஒரு பெண், பொங்கலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எழும்பி முற்றம் கூட்டுவாள். வீட்டில் மீனும் இறைச்சியும் சமைப்பது நின்றுவிடும். வவுனியாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். கதைக்க ஆள் வரும், சண்டை பிடித்தவர்களும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கோவிலுக்குப் போவார்கள். இரவெல்லாம் விழித்திருப்பதுகூட அன்றைக்கு நோயாகத் தெரியாது. நித்திரை வராமல் தனிய முழிச்சுக் கிடந்தவள் அன்றைக்கு ஊரோடு முழிச்சிருக்கிறாள். எல்லாவற்றிலும் பெரியது நேர்த்தி. "வாற வைகாசிக்கு நடந்து வந்து பாற்செம்பு எடுக்கிறன் ஆச்சி" என்று ஒருத்தி நேர்ந்துவிட்டால், அவளுக்கு அடுத்த வைகாசி என்று ஒன்று வந்துவிடுகிறது. சாக வேண்டும் என்று என்னிடம் சொன்ன பெண்களில் சிலரை அந்த வருடம் தாண்ட வைத்தது நேர்த்திதான். என் ஆலோசனைக்கு அந்த வலு இருக்கவில்லை.

இந்தப் பொங்கல் எந்தக் காலத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். மே 18, போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவு நாள். 2009 இல் அந்தக் கடைசி நாட்களில் சனம் வட்டுவாகல் பாலத்தால் நந்திக்கடலைக் கடந்து வந்தது. செத்தவர்களைக் கிடந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தது. எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. வந்தவர்கள் செட்டிகுளம் மெனிக்பாம் கம்பிக்குள் போனார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. இப்போது ஒவ்வொரு வருடமும் மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சி அழுகிற அதே சனம், சில நாளிலோ சில கிழமையிலோ அதே நந்திக்கடலின் கரையில் பொங்குகிறது. அழுகையும் பொங்கலும் இங்கே ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒன்றைத் தடுத்துவிட்டு மற்றதை "பண்பாட்டு நிகழ்வு" என்று அனுமதிப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை.

கண்ணகியின் கதையைச் சற்று யோசியுங்கள். குற்றம் செய்யாத புருசனை அரசு கொன்றது. அவள் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை, அரசனிடம் போய்க் கேட்டாள். நீதி பிழைத்தது என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தாள். மதுரை எரிந்த பிறகுதான் ஊர் ஊராய்த் தங்கித் தங்கி இங்கே வந்தாள் என்பது எங்கள் ஆட்களின் கதை. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பெடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்குது என்றாள். பால்புக்கை காய்ச்சிக் கொடுத்தார்கள். விளக்கு வைக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை விட்டுக் கொளுத்தச் சொன்னாள். பேன் பார்க்கத் தலைமயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள்.

கோபம் நியாயமானது என்று முதலில் ஒப்புக்கொள்ளப்பட்டது, பிறகு பசிக்குச் சோறு கிடைத்தது, அதற்குப் பிறகுதான் அவள் குளிர்ந்தாள். எங்கள் பெண்கள் இந்த ஒழுங்கைத் தாய்ப்பாலோடு அறிந்திருக்கிறார்கள். உங்கள் ஆலோசனைத் திட்டங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. மூச்சை மெதுவாக விடுங்கள், நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள், முன்னோக்கிப் போங்கள் என்று குளிர்ச்சியை முதலில் கேட்கிறீர்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பலருக்கு நெஞ்சுப் படபடப்புக் குறைந்திருக்கிறது. ஆனால் நடந்தது அநியாயம் என்று ஒருவரும் சொல்லாத இடத்தில், அமைதியாய் இரு என்று சொல்லுவது வாயை மூடு என்பது போலத்தான் அவர்கள் காதில் விழுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் விசயத்தில் இது இன்னும் கூர்மை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் அவர்கள் பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுப் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு. எத்தனையோ தாய்மார் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் சாத்திரத்தில் செத்தவனுக்கு ஒரு வழி இருக்கிறது: எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம், ஆடி அமாவாசை. உயிரோடு இருக்கிறவனுக்கு இன்னொரு வழி: அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை. காணாமல் ஆக்கப்பட்டவனுக்கு எது? எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் ஒவ்வொரு வருடமும் மகனின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்கிறார். பூசாரி ஒரு வார்த்தை கேட்பதில்லை, பெயரைச் சத்தமாகச் சொல்லித் தீபம் காட்டுகிறார். அதே தாயிடம் ஓர் ஆலோசகர், "எப்ப இதை ஏற்றுக்கொள்ளப் போறீங்கள் அம்மா?" என்று கேட்டாராம். அவர் அதற்குப் பிறகு ஆலோசனைக்குப் போகவில்லை. பூசாரிக்குப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றும் இல்லை. பதில் தெரியாத இழப்பை முடித்து வைக்கத் தனக்கு உரிமையில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2023 யூன் மாதம் எங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்தச் செய்தி வந்த கிழமைகளில் எங்கள் வீடுகளில் யார் நித்திரை கொண்டார்கள் என்று எந்தப் படிவத்திலாவது கேட்டீர்களா?

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010 இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப்புத் தனி ஆளுக்குள் மட்டும் நிற்கவில்லை, குடும்பமும் சமூகமும் சேர்ந்தே உடைந்தன என்று காட்டி அதைக் கூட்டு மனவடு என்றார். 2007 இல் ஐ.நா. முகவரகங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட நெருக்கடிக்கால உளநல வழிகாட்டல்களும், சமூகத்தின் சொந்தச் சமயச் சடங்குகளுக்கு இடமளிக்கச் சொல்லுகின்றன. ஆக நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் மேசையில் இருக்கிற கடதாசியில் உள்ளதைத்தான் கேட்கிறேன். கேள்வித்தாளைக் கொண்டு வருகிறீர்கள்: நித்திரை, பசி, பயம், அழுகை, கெட்ட கனவு. இவை தேவை. ஆனால் "கடைசியாக உங்கள் ஊரில் பொங்கல் எப்போது நடந்தது, நீங்கள் போனீர்களா, போகாவிட்டால் ஏன்?" என்று ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆளின் நோயைப் பற்றியும் ஒரு ஊரின் உடைவைப் பற்றியும் அந்தப் பதிலில் நிறைய வரும்.

இடம்பெயர்வின்போது எங்கள் ஊர் வைரவரின் சூலத்தை ஒரு பெரியவர் சாக்கில் சுற்றித் தருமபுரம், உடையார்கட்டு, இரணைப்பாலை என்று காவிக்கொண்டு போனார். மாத்தளனுக்கு அங்கால் சூலமும் இல்லை, அவரும் இல்லை. மீளக்குடியேறியபோது, தறப்பாள் கட்டி முடிக்க முதலே சனம் அதே பாலை மரத்தடியில் வேறொரு சூலத்தை நட்டது. இருக்க இடமில்லாத சனம் தெய்வத்துக்கு ஏன் முதலில் இடம் தேடியது என்பதை விளங்கிக்கொண்டால், அந்த இடத்தில் கைவைக்கும்போது என்ன நடக்கும் என்பதும் விளங்கும்.

கைவைக்கிறார்கள். 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோவில் கேணிக்குப் பக்கத்தில், நீதிமன்ற உத்தரவையும் மீறி ஒரு பௌத்த பிக்குவின் உடல் எரிக்கப்பட்டது. குருந்தூர் மலையில் 2021 இல் தொல்லியல் அகழ்வு தொடங்கியதிலிருந்து, ஆதிசிவனுக்கும் ஐயனாருக்கும் பொங்கிய சனம் பொலிஸ் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பொங்க வேண்டியிருக்கிறது. நெடுங்கேணிக்கு அண்மையில் ஒலுமடுவில் இருக்கும் வெடுக்குநாறி மலையில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டன. 2024 மகா சிவராத்திரி இரவு பூசாரி உட்பட எட்டுப் பேர் அங்கேயே கைது செய்யப்பட்டு, பதினொரு நாளுக்குப் பிறகு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

இவை காணிப் பிரச்சினை, தொல்லியல் பிரச்சினை, அரசியல் பிரச்சினை. சுகாதாரத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் ஒதுங்கிவிடுகிறீர்கள். ஒரு கிராமத்தின் கிணற்றில் யாராவது அழுக்கைக் கொட்டினால் சுகாதாரப் பரிசோதகர் உடனே வருகிறார், அது யாருடைய காணி என்று பார்ப்பதில்லை. சிவராத்திரி விழிக்கப் போன இடத்தில் இருட்டுக்குள் சப்பாத்துச் சத்தம் கேட்ட பெண்களுக்கு 2009 திரும்பி வந்தது. பிள்ளைகள் பிறகு கோவிலுக்குப் போக மறுத்தார்கள். நெஞ்சு எரியுது, தலைக்குள்ள ஏதோ ஓடுது, யோசினை கூடிப்போச்சு என்று அதே சனம் உங்கள் வெளிநோயாளர் பிரிவுக்குத்தான் (ஓபிடி) வருகிறது. அங்கே நீங்கள் குளிசை எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த வருத்தம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்தியர் என்ற தகுதியில் நீங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். வழிபாட்டைத் தடுப்பது மக்களின் உளநலத்தைக் கெடுக்கிறது என்று உங்கள் பக்கத்திலிருந்து மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் ஒரு குறிப்பு வைக்கப்பட்டால், அதற்கு நாங்கள் வீதியில் நின்று சொல்வதை விட நிறை கூட.

எங்கள் பக்கத்துப் பிழைகளையும் மறைக்க மாட்டேன். கோவில் எல்லோருக்கும் மருந்தாக இல்லை. போர் இத்தனை ஆயிரம் பெண்களை விதவையாக்கிய மண்ணில், நல்ல காரியத்துக்கு அவர்கள் முன்னுக்கு வரக்கூடாது என்று இன்னும் பின்னால் நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். பறை இல்லாமல் தெய்வம் வராது என்பார்கள். பறை அடிக்கிறவருக்குப் பந்தியில் சரியான இடம் கொடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் காசு வந்த பிறகு மரத்தடி ஐயனாரைச் சீமெந்துக் கட்டடத்துக்குள் வைத்து, பூசாரியை விலத்தி, பொங்கலைக் குறைத்து, ஒலிபெருக்கியைக் கூட்டியிருக்கிறார்கள். அனுப்பிய பிள்ளைகள் பாசத்தில்தான் அனுப்புகிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் கைவைத்துச் செய்த வேலையைக் கூலிக்கு விட்டபோது, சேர்ந்து செய்ததால் கிடைத்த சுகமும் போய்விட்டது. இதைக் கோவில் சபைகளிடம் நானே நேரில் சொல்லி வருகிறேன்.

பேய் பிடித்தது என்று சொல்லி அடிப்பதையும் சங்கிலியில் கட்டுவதையும் நான் எந்த இடத்திலும் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்கக்கூடாது. ஆனால் அதற்காகப் பூசாரிமாரை எல்லாம் எதிரியாகப் பார்ப்பது பெரிய நட்டம். காதுக்குள் குரல் கேட்கிறது என்று ஒரு பெடியனைத் தாய் மாறி மாறிக் கோவில்களுக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஒரு பூசாரி நூல் கட்டிவிட்டுச் சொன்னார்: "இது கோவிலால மட்டும் மாறாது பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. குளிசையையும் போடட்டும், நூலும் கையில கிடக்கட்டும்." அவன் இன்று கடலுக்குப் போகிறான். எந்த விழிப்புணர்வுப் பதாகையும் அந்தத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காது. அவருக்கு நம்பிக்கையான வாய் சொன்னது, போனார். இப்படியானவர்களையும், செத்தவீட்டில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்கிற வயதுபோன பெண்களையும் கூப்பிட்டு உங்கள் தாதிகளோடும் உளநல உத்தியோகத்தர்களோடும் ஒன்றாக இருத்துங்கள். எந்த நோய்க் குறியைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரி என்று அவர்கள் உங்களிடம் அறியட்டும். எந்தத் துக்கத்தை நோய் என்று எழுதக்கூடாது என்று நீங்கள் அவர்களிடம் அறியலாம். மரத்தடியில் பாயில் இருந்து கதைக்கிற இடமாக அது இருக்கட்டும், மண்டபமும் ஒலிவாங்கியும் வேண்டாம்.

அதோடு டொக்டர் வேண்டும். தமிழில் கதைக்கிற, ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகாத டொக்டர் வேண்டும். குளிசை முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்ற பதில் நிற்க வேண்டும். கிளினிக்குக்கு வர பஸ் காசு இல்லாதவரிடம் களப்பணியாளர் போக வேண்டும். அவருக்குத் திட்டத்தோடு முடியாத நிரந்தரப் பதவி வேண்டும். நுண்கடன்காரர் படலையில் நிற்கிற வீட்டில் மனத்திடத்தைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது, அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

காசு தேவைப்படாத ஒன்றும் இருக்கிறது. வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில் வருகிறது. அன்றைக்குக் கிளினிக் வைத்துவிட்டு, வராதவர்களின் கொப்பியில் "ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். குளிசை எடுக்காமல் ஒரு மாதம் போய், பிறகு வருத்தம் கூடி வாட்டில் கிடந்தவரும் உண்டு. பொங்கல் திகதி பஞ்சாங்கத்தில் ஒரு வருடத்துக்கு முன்னமே இருக்கிறது. வற்றாப்பளை, புளியம்பொக்கணை, புதூர் பொங்கல்களும், சிவராத்திரியும், ஆடி அமாவாசையும், மே 18 உம் வருகிற கிழமைகளில் கிளினிக் நாளை முன்கூட்டியே மாற்றி, அந்த மாதத்துக் குளிசையை முதலே கொடுத்துவிடுங்கள். வாற பாக்குத் தெண்டலுக்கு முதல் இந்த ஒரு சுற்றறிக்கையை அனுப்ப முடியுமா என்பதற்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் உளசமூகக் களப்பணியாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.